எனக்கும் இருக்கு பாருங்க

மேடையில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களே, தலைமை மருத்துவர் அவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் வாத்தியார் அவர்களே, உடன் பணியாற்றிய மருத்துவர்களே, செவிலியர்களே, இவர்கள் எல்லோருக்கும் பின்னால், யாரும் அழைக்காமலே வந்து சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் டாக்டரம்மாவின் நோயாளிகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பேசத் தெரியாது. அவையடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், உண்மையிலேயே தெரியாது. இந்தக் கண் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், தண்ணீர்க் குழாய்கள் தலைக்கு மேலே ஓடும் ஓர் அறையில், மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் தலையைக் குனிந்தே காலத்தைக் கழித்தவன் நான். மேலே அறுவை அறைகளில் வெட்டியெடுக்கும் துணுக்குகள் என்னிடம் வரும். கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்து, இது நல்லது, இது கெட்டது என்று சொல்லி அனுப்புவேன். கண்ணாடித் தகடுகள் கைதட்டுவதில்லை. கொட்டாவி விடுவதும் இல்லை. அதனால் இவ்வளவு முகங்களைச் சேர்ந்தாற்போல் பார்த்தால் யாரைப் பார்த்துப் பேசுவது என்றே தெரியவில்லை. டாக்டரம்மா இருந்திருந்தால், "ஸ்லைடு சாரையா பேசக் கூப்பிட்டீங்க? வெளங்கிடும்" என்று சிரித்திருப்பார்.

மேடைக்கு வருமுன் இயக்குநர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். "சார், சுருக்கமா முடிச்சிடுங்க. நோய்வாய்ப்பட்டுன்னு சொன்னா போதும், என்ன நோய்னு இங்க வேண்டாம். பேஷன்ட்ஸ் வேற வந்திருக்காங்க. கடைசியில அவங்க பணியைத் தொடருவோம்னு ஒரு உறுதிமொழி குடுத்திடுங்க" என்றார். நல்ல மனிதர். மருத்துவமனையின் பெயரைக் காப்பாற்ற வேண்டியது அவருடைய பொறுப்பு. நானும் தலையாட்டினேன்.

ஆனால் அதற்கு முன்பே வாசலில் ஒரு பெண் என்னை நிறுத்திவிட்டார். துணிக்கடையில் வேலை செய்கிறவர். இதோ, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவருடைய வலது கண்ணின் வெள்ளையில் பழுப்பாக ஒரு மச்சம். டாக்டரம்மா அதை எடுத்துவிடுவதாகச் சொல்லி நாளும் குறித்திருந்தார். அந்த நாள் வருவதற்குள் டாக்டரம்மாவே படுத்துவிட்டார். அந்தப் பெண் என்னிடம் கேட்டார்: "சார், டாக்டரம்மா எதுல போனாங்களோ, அதுதானா எனக்கும் இருக்கறது?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? நோய்வாய்ப்பட்டு என்று சொல்வதா? சுவரோரம் நிற்கிற அத்தனை பேரின் கண்ணிலும் இதே கேள்விதானே இருக்கிறது? நான் வாத்தியாரிடம் போய்க் கேட்டேன். அவர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர், டாக்டரம்மாவின் கணவர். "சொல்லிடுங்க சார். அவ இருந்தா அவளே மைக்கைப் புடுங்கிச் சொல்லியிருப்பா" என்றார். ஆகவே சொல்லப்போகிறேன். இயக்குநர் அவர்கள் மன்னிக்க வேண்டும்.

முதலில், நாம் இழந்தவர் யார்? கண்புரைக்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். விழித்திரைக்கு இருக்கிறார்கள். மாறுகண்ணுக்குக்கூட இருக்கிறார்கள். கண்ணின் வெள்ளைமேல் வரும் மச்சத்துக்கு இந்தப் பக்கத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். பெரும்பாலும் ஆபத்தில்லாத மச்சம் அது. வலிக்காது, பார்வையைக் கெடுக்காது. சின்ன வயதில் வரும், வளர்கிற வயதில் கொஞ்சம் கறுக்கும், பிறகு சும்மா இருக்கும். உயிருக்கு ஆபத்தில்லை என்பதால் மற்ற டாக்டர்கள், "அதுபாட்டுக்கு இருக்கட்டும், போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். டாக்டரம்மா அப்படி அனுப்பமாட்டார். உட்காரவைப்பார். "இது உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?" என்று கேட்பார். அதுதான் அவருடைய முதல் கேள்வி.

ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார். அவருக்கு என்ன தொந்தரவு தெரியுமா? ஏறுகிற பயணிகள் எல்லோரும், "அண்ணே, கண்ணுல ஏதோ விழுந்திருக்கு" என்று சொல்வார்களாம். சில பேர் கிட்டே வந்து, "ஊதி விடட்டுமா?" என்று வாயைக் குவிப்பார்களாம். "டாக்டர், ஊருல பாதிப் பேர் என் கண்ணுல ஊதிட்டாங்க" என்று அவர் சொன்னபோது டாக்டரம்மா சிரித்த சிரிப்பு கீழ்த்தளம் வரைக்கும் கேட்டது. எடுத்துவிட்டார். கொஞ்ச நாள் கண் சிவந்திருந்தது, அப்போது எல்லோரும், "அழுதீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். பிறகு வெளுத்துவிட்டது. கடைசியாக வந்தபோது அந்த ஓட்டுநர் சொன்னார்: "இப்ப யாரும் என் கண்ணைப் பாக்கறதே இல்ல டாக்டர். அது போதும்."

அவர் அறுவை செய்யும் விதத்தை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். முதலில் சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரத்துப்போகச் செய்வார். பிறகு ஒரு பஞ்சுக் குச்சியை எடுத்து மச்சத்தை மெல்ல ஒரு பக்கமாகத் தள்ளுவார். கண்ணின் வெள்ளைமேல் ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. சட்டைமேல் சட்டை போட்டதுபோல அது அடியில் ஒட்டாமல் இருக்கும். மச்சம் அந்தத் தோலில் மட்டும் இருந்தால், குச்சியோடு சேர்ந்து நகரும். நகர்ந்தால் அவருடைய முகம் மலரும். "நகருது. நல்ல புள்ள" என்பார். நகரவில்லை என்றால், அது அடியில் ஊன்றியிருக்கிறது என்று பொருள். அப்போது எதுவும் சொல்லமாட்டார். குச்சியை மெதுவாகக் கீழே வைப்பார். அந்த அமைதியை அவருடன் வேலை செய்த செவிலியர்கள் எல்லோருக்கும் தெரியும்.

நகர்கிற மச்சத்தைச் சுற்றி மையால் கோடு வரைந்துவிட்டுத்தான் ஊசி போடுவார். ஏன் என்றால், மருந்து ஏறியதும் அந்தத் தோல் நீர்க்குமிழியாக உப்பிவிடும். மச்சம் இடம் மாறிப்போகும். அவசரக்காரர்கள் ஊசியைப் போட்டுவிட்டு மச்சத்தைத் தேடுவார்கள். அவர் ஒருநாளும் தேடியதில்லை. கோட்டின்மேல் வெட்டி எடுத்து, காலியான இடத்தில் அதே கண்ணின் மேலிமைக்கு அடியிலிருந்து கொஞ்சம் தோல் எடுத்துப் பசைபோட்டு ஒட்டுவார். அதற்குப் பிறகு செய்கிற காரியத்துக்காகத்தான் நான் அவருக்கு வாழ்நாள் கடன்பட்டிருக்கிறேன். வெட்டியெடுத்த துணுக்கை, தபால் தலையைவிடச் சின்னதான அதை, ஒரு வெள்ளைக் காகிதத் துண்டின்மேல் விரிப்பார். ஓரம் மடங்காமல், சுருளாமல் பொறுமையாக நீவிவிடுவார். மூக்குப் பக்கம் எது என்று தெரிய ஒரு தையல் முடிச்சு போடுவார். காகிதத்தோடு சேர்த்துத்தான் சீசாவில் இறக்குவார்.

இது என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். விரிக்காமல் அப்படியே சீசாவில் போட்டால் துணுக்கு சுருண்டுகொள்ளும். சுருண்டுவிட்டால் எது ஓரம், எது நடு என்று என்னால் சொல்ல முடியாது. ஓரம் தெரியாவிட்டால் முழுசாக எடுத்தாயிற்றா, மிச்சம் உள்ளே இருக்கிறதா என்று சொல்ல முடியாது. இங்கே மேடையில் இருக்கிற சிலர் உட்பட எத்தனையோ டாக்டர்களிடம் இதற்காகக் கெஞ்சியிருக்கிறேன். தலையாட்டுவார்கள். மறுபடியும் சுருண்டுதான் வரும். டாக்டரம்மாவுடையது ஒரு தடவைகூடச் சுருண்டு வந்ததில்லை.

எவ்வளவு சாதுவான மச்சமாக இருந்தாலும் அதை எனக்கு அனுப்பாமல் இருக்கமாட்டார். அனுப்பிய மறுநாளே கீழே போன் வரும். ஹலோ கிடையாது, வணக்கம் கிடையாது. "என்ன சொல்லுது?" என்பார். நானும் விடமாட்டேன். "ஒண்ணும் சொல்லல, தூங்குது" என்பேன். "குறட்டை விடுதா?" என்பார். "நல்லா விடுது" என்பேன். போனை வைத்துவிடுவார். வருடக்கணக்காகப் போனில் எங்களுக்குள் நடந்த உரையாடல் இவ்வளவுதான். அந்த டெலிபோன் இப்போதும் என் மேஜைமேல்தான் இருக்கிறது. அது அடித்தால் எடுக்க எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது.

எடுக்கத் தேவையில்லாதவர்களை எடுக்க வேண்டாம் என்று சொல்லவும் அவருக்குத் தெரியும். இரட்டைப் பிள்ளைகளின் தாய் ஒருவர் வந்தார். ஒருவனுக்கு மட்டும் மச்சம். எடுத்துவிடுங்கள் என்றார் தாய். "எடுத்துட்டா எவன் எவன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று தகப்பன் மறித்தார். டாக்டரம்மா தகப்பன் பக்கம் சாய்ந்தார். "வளரட்டும். வருஷா வருஷம் ஒரு போட்டோ எடுத்துப் பாப்போம். அவனுக்கா தோணும்போது அவனே வரட்டும்" என்றார். ஒரு வருடம் போட்டோ எடுக்க உட்கார்ந்த பிள்ளையின் கண்ணில் மச்சத்தையே காணோம். எல்லோரும் திகைத்துப்போனார்கள். பார்த்தால், பரீட்சைக்கு டிமிக்கி கொடுப்பதற்காகத் தம்பிக்குப் பதில் அண்ணன் வந்து உட்கார்ந்திருக்கிறான். டாக்டரம்மா சிரிக்காமல், "அற்புதம், மச்சம் தானா போயிடுச்சு. இனிமே நீ ஸ்கூலுக்கே போகலாம்" என்று அனுப்பிவைத்தார். சிரியுங்கள், பரவாயில்லை. அவரை நினைத்துச் சிரிக்க இன்னும் எத்தனை நாள் முடியப்போகிறது?

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

டாக்டரம்மாவின் இடது கண்ணில் ஒரு மச்சம் இருந்தது. உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் வந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். பயந்துபோய் வந்து உட்காருகிறவர்கள், "டாக்டர், இது கேன்சரா? நான் செத்துடுவேனா?" என்று கேட்பார்கள். அவர் பெரிய விளக்கம் எல்லாம் கொடுக்கமாட்டார். கண்ணாடியைக் கழற்றுவார். விளக்கைத் தன் முகத்துப் பக்கம் திருப்புவார். கீழிமையை விரலால் இறக்கிக் காட்டி, "எனக்கும் இருக்கு பாருங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்பார்.

அவ்வளவுதான். வந்தவர்களுக்குப் போன உயிர் திரும்பிவிடும். நாங்கள் கட்டுக்கட்டாகப் படித்த படிப்பு செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது. அவரை எல்லோரும் மச்சக்கார டாக்டர் என்று அழைத்ததும் அதனால்தான். முன்னால் இருந்த வாட்ச்மேன் வைத்த பெயர் அது. "எந்த டாக்டரைப் பாக்கணும்? மச்சக்கார டாக்டரா? நேரா போயிக் கடைசி ரூம்" என்பான். அவருக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது.

அதை ஏன் எடுக்கவில்லை என்று நான் ஒருமுறை கேட்டேன். "எடுத்துட்டா புதுசா வர்றவங்களுக்கு எதைக் காட்டறது?" என்றார். வாத்தியாருக்கு வேறு ஒரு காரணம் தெரிந்திருந்தது. அதைச் சொல்லவும் அனுமதி தந்திருக்கிறார். கல்யாணமான புதிதில் டாக்டரம்மா அதை எடுத்துவிட நினைத்தாராம். வாத்தியார்தான், "அது போயிடுச்சுன்னா உன் மூஞ்சியில நான் எங்க பாத்துப் பேசறது?" என்று சொன்னாராம். "வெளையாட்டுக்குத்தான் சார் சொன்னேன்" என்று என்னிடம் மூன்று தடவை சொன்னார். வாத்தியாரே, எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், அது தவறான பேச்சு அல்ல. அந்த மச்சம் அப்போது தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

அது எப்போது விழித்தது? யாருக்கும் தெரியாது. ஏன் தெரியாது? இங்கே ஒரு மருத்துவமனையே இருக்கிறதே, கண்ணைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இத்தனை பேர் இருக்கிறோமே, ஒருவருக்குமா தெரியாது? அந்தக் கண்ணைத் தினமும் பார்க்காதவர் யார்? வராந்தாவில் எதிரே வந்தபோது பார்த்தோம். கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்தோம். கண்ணைப் போட்டோ எடுக்கும் கருவியின் முகவாய்த் தாங்கியில் முகத்தை வைக்கக் குழந்தைகள் பயந்தால், முதலில் அவரே போய் வைத்துக் காட்டுவார். போட்டோ எடுக்கிற தம்பி எதிரே நின்று அந்தக் கண்ணை முழுவெளிச்சத்தில் பார்த்தான். ஆனால் படம் எடுக்கும் பொத்தானை அழுத்தவில்லை. ஏன் அழுத்த வேண்டும்? அவர் டாக்டர் அல்லவா? ஊரில் உள்ள மச்சங்களுக்கெல்லாம் வருடா வருடம் போட்டோ இருக்கிற அந்த அறையில், டாக்டரம்மாவின் கண்ணுக்கு ஒரு போட்டோ கிடையாது. பிற்பாடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வாத்தியார் வீட்டில் தேடினார். கிடைத்தது ஒரே ஒரு படம். அதில் அவர் சிரிக்கிற சிரிப்பில் கண் இடுங்கிக்கிடக்கிறது.

பெரிய சிஸ்டர் இங்கே இருக்கிறார். அவர் அழுதுகொண்டே என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். மச்சத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு நரம்பு புதிதாக ஓடியதை அவர் பார்த்திருக்கிறார். கொஞ்சம் தடித்திருந்ததையும் பார்த்திருக்கிறார். "சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு சார். அவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு முழுங்கிட்டேன்" என்றார். சிஸ்டர், நீங்கள் ஒருவர் மட்டும் முழுங்கவில்லை. எல்லோரும் முழுங்கினோம். டாக்டர் கண்ணில் இருப்பது டாக்டருக்குத் தெரியும் என்று நாம் நினைத்தோம். டாக்டரம்மா என்ன நினைத்தார்? இத்தனை கண் டாக்டர்கள் தினமும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், ஏதாவது இருந்தால் சொல்லமாட்டார்களா என்று நினைத்திருக்கிறார். தன் கண்ணைத் தானே பார்த்துக்கொள்ளக் கண்ணாடி வேண்டும். எங்கள் தொழிலில் யாரும் கண்ணாடியைத் தம் பக்கம் திருப்புவதில்லை.

ஒரு நாள் காலை, நோயாளிகள் வருமுன், பெரிய சிஸ்டர் அந்தக் கடைசி அறைக்குள் போயிருக்கிறார். டாக்டரம்மா கைக்கண்ணாடியை ஜன்னலோரம் சாய்த்துவைத்து, கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பஞ்சுக் குச்சியோடு குனிந்து நிற்கிறார்.

"என்னம்மா பண்றீங்க?"

"நகருதான்னு பாக்கறேன் சிஸ்டர்."

"நகருதா?"

டாக்டரம்மா குச்சியை மெதுவாகக் கீழே வைத்தார்.

அதை எடுக்க வேண்டும். யார் எடுப்பது? இந்தப் பக்கத்தில் அந்த அறுவையைச் செய்யும் கை ஒன்றுதான். அந்தக் கை அவருடையது. தன் கண்ணைத் தானே அறுத்துக்கொள்ள முடியுமா? ரயிலேறி வேறு ஊருக்குப் போனார். அங்கே உள்ளவர் பெரிய டாக்டர், கைராசிக்காரர், குறை சொல்ல நான் யார்? டாக்டரம்மா ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தார்: துணுக்கை எங்கள் ஊர் ஸ்லைடு சாருக்கு அனுப்புங்கள். கைப்பையில் அந்த வெள்ளைக் காகிதத்தைக்கூட எடுத்துப் போயிருந்தார். மேஜைமேல் வைத்துவிட்டுப் படுத்தார். அறுவைக்காக முகத்தின்மேல் துணியைப் போர்த்தினார்கள்.

சீசா என்னிடம் வந்தது. திறந்தேன். துணுக்கு சுருண்டு கிடந்தது.

என்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். ஊறவைத்து விரித்துப் பார்த்தேன், பல துண்டாக நறுக்கிப் பார்த்தேன். ஓரம் எது என்று தெரியவில்லை. மறுநாள் போன் அடித்தது. ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தவர், வழக்கம்போல ஹலோ இல்லாமல் கேட்டார்.

"என்ன சொல்லுது?"

தூங்குது என்று நான் சொல்லவில்லை.

"முழிச்சிருக்கா?"

"ஆமா."

"சரி. ஓரம் சுத்தமா இருக்கா?"

"தெரியலம்மா. சுருண்டு வந்திருக்கு."

அவர் சொன்னார்: "தெரியும் சார். துணிக்குள்ள படுத்திருந்தேன் இல்ல, மூடி திருகுற சத்தம் கேட்டுச்சு. காகிதத்தை எடுக்கற சத்தம் கேக்கல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க முழிச்சுக்கிட்டுதானே இருந்தீங்க? சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

"அடுத்தவர் ஆபரேஷன் தியேட்டர்ல போயி நாம எப்படி சார் வாயைத் திறக்கறது? மரியாதையா இருக்காது" என்றார்.

இன்றுவரை அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை. செத்துப்போனவர்மேல் கோபப்படலாமா? படுகிறேன். ஒரு காகிதத் துண்டைக் கேட்டு வாங்க அவருக்கு வாய் வரவில்லை. ஒரு சிவப்பு நரம்பைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. எல்லோரும் அவ்வளவு மரியாதைக்காரர்கள்! புற்றுநோயின் மிச்சம் உள்ளே இருந்திருக்கிறது. காதுக்கு முன்னால் கழலையாகத் திரண்டது. பிறகு ஈரலுக்குப் போனது. மேற்கொண்டு நான் சொல்ல வேண்டாம். அவருடைய மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

துணிக்கடையில் வேலை செய்யும் அம்மா, உங்களுக்குப் பதில் சொல்கிறேன். உங்கள் கண்ணில் இருப்பது டாக்டரம்மாவைக் கொன்ற நோய் அல்ல. பஞ்சுக் குச்சிக்கு அது நகர்ந்தது என்று அவரே என்னிடம் சொன்னார். "நல்ல புள்ள" என்றும் சொன்னார். இங்கே வந்திருக்கிற மற்றவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். என் கண்ணாடித் தகட்டுக்கு வந்த மச்சங்களில் ஏறக்குறைய எல்லாமே தூங்கிக்கொண்டிருந்தவைதான். விழிப்பது மிக மிக அபூர்வம். ஆனால் அவருடையதும் ஒரு காலத்தில் இப்படித்தான் தூங்கியது. உங்களுடையது எப்போதும் தூங்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த யாராவது யார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

பணியைத் தொடருவோம் என்று உறுதிமொழி கேட்கிறார்கள். யார் தொடர்வது? எனக்கு வெட்டத் தெரியாது. வெட்டியதைப் பார்க்கத்தான் தெரியும். இங்குள்ள டாக்டர்கள் கெட்டிக்காரர்கள், கெட்டவர்கள் அல்ல. ஆனால் கண்புரைக்காரர்களின் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. ஆபத்தில்லாத ஒரு மச்சத்துக்காக அவர்களைக் காக்கவைக்க யாருக்கு மனம் வரும்? போன வாரம் அந்தக் கடைசி அறைக்குப் போனேன். தச்சர்கள் சுவரை அளந்துகொண்டிருந்தார்கள். "என்னங்க வருது இங்க?" என்றேன். "கண்ணாடி பிரேம் கடை சார். ஷோகேஸ்" என்றார்கள். டாக்டரம்மாவின் பெயரையே அதற்கு வைக்கப்போகிறார்களாம். முகவாய்த் தாங்கியைக் கழற்றி மூலையில் வைத்திருந்தார்கள். கைக்கண்ணாடியை மட்டும், வாங்க வருகிறவர்கள் பிரேம் போட்டு முகம் பார்ப்பதற்கு ஆகும் என்று, யாரோ எடுத்து வைத்திருந்தார்கள்.

ஆகவே நான் உறுதிமொழி தரமாட்டேன். தந்தால் அது பொய். டாக்டரம்மாவின் பெயரால் பொய் சொல்ல நான் இங்கே வரவில்லை. அவர் பணி அவரோடு போய்விட்டது. இதைவிடக் கௌரவமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

வழக்கப்படி இப்போது நாம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்த வேண்டும். தயவுசெய்து எல்லோரும் எழுந்திருங்கள். மேடையில் இருப்பவர்களும்தான். வாத்தியாரே, நீங்களும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நில்லுங்கள்.

தலையைக் குனிய வேண்டாம். கண்ணை மூட வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் பக்கம் திரும்புங்கள். முன்பின் தெரியாதவராக இருந்தாலும் திரும்புங்கள். அவருடைய கண்ணை நன்றாகப் பாருங்கள், வெள்ளையைப் பாருங்கள், கீழிமையை இறக்கச் சொல்லிப் பாருங்கள். பழுப்பாக ஏதாவது இருக்கிறதா, ஓரத்தில் சிவப்பாக ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். பார்த்தபிறகு எங்கே அனுப்புவது என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆனால் ஏதாவது தெரிந்தால், மௌனம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.